சிங்கங்களின் கிரிவலம்

அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரத்துக்கு எதிரே, தார் ரோட்டின் நட்டநடுவில், எங்கள் கபடி அணியின் வீரர்கள் வரிசையாக நின்று ஒரு காலை ஊன்றி மறு காலைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்திருப்பார்கள். அது சூடு. பங்குனி மாதம், மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது, ஒருவர் காலிலும் செருப்பில்லை.

எங்கள் வீட்டுக்காரர் மட்டும் அந்த வரிசையில் இல்லை. அவர் மேல்கூரை கழற்றிய ஜீப்பில், கழுத்து தெரியாத அளவுக்கு ரோஜா மாலை போட்டுக்கொண்டு, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றிருந்தார். அவர் காலில் சாக்ஸ் இருந்தது, அதன்மேல் ஷூவும் இருந்தது.

"எனக்கு சுகர் இருக்குல்ல. டாக்டர் வெறுங்கால்ல நடக்கவே கூடாதுன்னுட்டாரு" என்று யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுகர் வந்த காலுக்கு மட்டும்தான் தோல் இருக்கிறது போலும். நான் பின்னால் வந்த வேனில், மோர் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யார் ஓனர்?

இந்தப் பத்தியில் எங்கள் பரோட்டா கம்பெனியைப் பற்றி எழுதியதிலிருந்து ஒரே கேள்வியைப் பல வாசகர்கள் கேட்டுவிட்டார்கள். "கபடி டீம் ஓனர் ஏகாம்பரம் சார் உங்கள் கணவர்தானே?" ஆமாம், ஏகாம்பரம் என் கணவர்தான். ஓனர் என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

நாங்கள் அமெரிக்கா போனது அவருடைய கம்ப்யூட்டர் வேலையை நம்பி. இரண்டாவது குளிர்காலத்திலேயே அந்த வேலை போய்விட்டது. அவர் சோபாவில் படுத்துக்கொண்டு அமெரிக்கப் பொருளாதாரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் கார் நிறுத்தும் கொட்டகையில் கிரைண்டரைப் போட்டு இட்லி மாவு ஆட்டினேன். அந்த ஊர்க் குளிரில் மாவு பொங்காது. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி ஹீட்டர் பக்கத்தில் வைத்து, நடுவே எழுந்து எழுந்து தொட்டுப் பார்ப்பேன். என் பிள்ளைகளைக்கூட நான் அவ்வளவு கவனித்ததில்லை.

மாவு பரோட்டாவானது. பரோட்டா உறைந்த பரோட்டாவாகிக் கடைகளுக்குப் போனது. அந்தக் கட்டத்தில் அவர் சோபாவிலிருந்து எழுந்து கோட் போட்டுக்கொண்டார். கூட்டங்களில் "நான் ஜீரோலேர்ந்து ஆரம்பிச்சேன்" என்று பேசினார். ஜீரோ சோபாவில் படுத்திருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கம்பெனியைப் பதிவு செய்யும் சமயத்தில் கீழ்பென்னாத்தூரிலிருந்த எங்கள் குடும்ப ஜோசியருக்கு இவர் போன் போட்டார். கடல் தாண்டிப் போனாலும் ஜாதகம் கூடவே வருகிறதே. ஜோசியர் கட்டம் பார்த்துவிட்டு, "தம்பி, சனி பார்வை உன்மேல ஜாஸ்தியா இருக்கு. உன் பேர்ல எது பண்ணாலும் நிக்காது. எதுவா இருந்தாலும் அந்தப் பொண்ணு பேர்ல பண்ணு" என்று சொன்னார்.

இவர் பயந்துவிட்டார். கம்பெனி என் பேரில், வீடு என் பேரில், கார் என் பேரில். கடைசியில் கபடி அணி வாங்கியபோது அதுவும் என் பேரில். இது ஒன்றும் ரகசியமில்லை, வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? கொட்டகையில் கிரைண்டர் யாருடையது என்று யாராவது கேட்டார்களா? பத்திரிகையில் படம் அவருடையது, கையெழுத்து மட்டும் என்னுடையது.

மலையில் ஏது சிங்கம்?

அவருக்கும் கபடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் கபடி பீரியட் வந்தால் வயிற்றுவலி என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார் என்று அவருடைய அக்காவே எனக்குச் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் தெரிந்த ஒருவர் கூடைப்பந்து அணியில் பங்கு வாங்கினார். அதைக் கேட்ட நாளிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. அந்த அளவுக்குப் பெரிய மீன் வலைக்குள் வராது என்று தெரிந்ததும் ஊர்ப்பாசம் பொங்கிவிட்டது. "நம்ம மண்ணோட விளையாட்டு வசந்தா" என்று என்னிடமே கண்கலங்கினார்.

அணிக்குப் பெயர் வைக்க மூன்று வாரம் ஆனது. தீபமலைச் சிங்கங்கள். இந்த மலையில் சிங்கத்தை யார் பார்த்தார்கள்? குரங்குதான் இருக்கிறது, பையைத் திறந்து வைத்தால் வாழைப்பழத்தைக் காலி செய்துவிடும். "குரங்குன்னு வச்சா நம்மள யாரு மதிப்பா?" என்றார். ஒரு விதத்தில் நியாயம்தான்.

அணியில் உண்மையாகவே சிங்கம் என்று சொல்லக்கூடியவன் ஒருவன் இருந்தான். கேப்டன் ஏழுமலை. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பையன். அப்பா அம்மா இரண்டு பேரும் வேர்க்கடலை போட்டுப் பிழைப்பவர்கள். எதிரணிக் கோட்டைக்குள் பாடிக்கொண்டே நுழைந்தால், தொட்டதும் தெரியாது, திரும்பியதும் தெரியாது. அவனுடைய வித்தை முழுக்கக் காலில்தான் இருந்தது. ஒரு பாதத்தை ஊன்றிச் சட்டென்று உடம்பைத் திருப்புவானே, அதைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது.

ஆனால் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கபடியில் அது கிழவன் வயது. இந்திய அணிக்கான பயிற்சி முகாமுக்கு ஒருமுறைகூட அவனைக் கூப்பிட்டதில்லை. அந்த ஆண்டு இறுதிப் போட்டிக்கு நாங்கள் வந்தபோது, முகாமுக்கு ஆள் எடுப்பவர்கள் அதை நேரில் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது.

"இந்த ஒரு மேட்ச்தாம்மா" என்று ஏழுமலை என்னிடம் சொன்னான். "இதுல என்னப் பாத்தாங்கன்னா உண்டு. இல்லன்னா அடுத்த வருஷம் நானு கடல புடுங்கப் போவ வேண்டியதுதான்."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிவியில் ஒரு வேண்டுதல்

அரையிறுதியில் ஜெயித்த அன்று டிவிக்காரர்கள் இவர் முன்னால் மைக்கை நீட்டினார்கள். மைக்கைப் பார்த்தால் இவருக்குப் பக்தி வந்துவிடும். "ஃபைனலுக்கு முன்னாடி எங்க டீம் மொத்தமும் வெறுங்கால்ல அண்ணாமலையாரைக் கிரிவலம் வரும்னு வேண்டிக்கிட்டேன்" என்று அறிவித்தார்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம் பெரியவர்கள் சொன்னது இவரைப் போன்றவர்களைப் பார்த்துத்தான். வேண்டிக்கொள்வது இவர் வாய், நடப்பது அடுத்தவர் கால்.

கோச் தாமோதரன் பொறுமையான மனிதர். அவரே அன்று வீடு தேடி வந்துவிட்டார்.

"சார், நடக்கட்டும், வேணாம்னு சொல்லல. பௌர்ணமிக்கு ஊரே ராத்திரியில நடக்குது. நாமளும் பொழுது சாஞ்சப்புறம் நடக்கலாமே. இல்லன்னா மேட்ச் முடிச்சிட்டு வந்து நடக்கலாம்."

"ராத்திரில ட்ரோன்ல படம் புடிச்சா மலை தெரியாதாம்ங்க" என்றார் இவர்.

கோச் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் காலண்டரைப் பார்த்தார்.

கடைசியில் காலை ஆறு மணிக்குப் புறப்படுவதென்று முடிவானது. ஆறு மணி என்றால் பரவாயில்லை, தரை குளிர்ந்திருக்கும். ஆனால் கொடி அசைத்துத் தொடங்கி வைக்க ஒரு பிரமுகரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் குளித்து, பூஜை செய்து, டிபன் சாப்பிட்டு, வழியில் ஒரு காதுகுத்துக்கும் போய்விட்டு வந்து கொடியைக் கையில் வாங்கியபோது நேரம் என்ன என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கிரிவலம் என்பது ஊர்க்காரனுக்குச் சாதாரணம். எந்த நேரத்தில் நடக்க வேண்டும், எந்தப் பக்கம் நிழல் இருக்கும், எங்கே உட்கார்ந்து சுக்குக் காபி குடிக்கலாம் என்பதெல்லாம் குழந்தைக்கும் தெரியும். ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்கள்கூட விடியுமுன் நடந்து முடித்துவிட்டுக் காபிக் கடையில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஊரிலேயே பிறந்துவிட்டு உச்சி வெயிலில் கிரிவலம் தொடங்க, அமெரிக்காவில் இருபது வருடம் இருந்து வந்த ஆளால்தான் முடியும்.

எமலிங்கம் வரை

ரோட்டோரம் நடைபாதை உண்டு. அங்கங்கே மர நிழலும் உண்டு. ஆனால் நிழலில் நடந்தால் முகம் தெரியாது என்று ட்ரோன் பையன் சொன்னானாம். அதனால் சிங்கங்கள் நடுரோட்டில் நடந்தன. முன்னால் ஜீப், பின்னால் மேளம், அதற்குப் பின்னால் மோர் வேன்.

மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கக் கோயில்களில் இரண்டாவதான அக்னிலிங்கம் வரை பேச்சும் சிரிப்பும் இருந்தது. அங்கே கும்பிட்டு வெளியே வந்தபோது ஒருவரும் பேசவில்லை. பெயருக்கு ஏற்ற இடம்தான். ஆசிரமத்தைத் தாண்டும்போது காபிக் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் எழுந்து ஓடிவந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஏழுமலையின் காலில் ஊற்றினாள். ஜீப்பிலிருந்து இவர் அவளுக்கு டாட்டா காட்டினார்.

எமலிங்கம் வந்தது. வீரர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். ஏழுமலை வெளியே வரும்போது குதிகாலால் நடந்தான். நான் வேனிலிருந்து இறங்கி அவனைப் பிடித்து நிறுத்தினேன்.

"காலைக் காட்டு."

"ஒண்ணுமில்லம்மா."

"காட்டுன்னா காட்டு."

ஒரு கையால் வேனைப் பிடித்துக்கொண்டு பாதத்தைத் திருப்பிக் காட்டினான். விரல்களுக்குக் கீழே, அவன் ஊன்றித் திரும்புகிற அந்த இடத்தில், தோல் வெளுத்து நீர் கோர்க்கத் தொடங்கியிருந்தது. இன்னும் கொப்புளமாகவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் ஆகிவிடும். அவர்கள் நடக்க வேண்டியதோ அதுவரை நடந்ததைப் போலப் பல மடங்கு. மறுநாள் சாயங்காலம் சென்னையில் போட்டி.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே ஜீப்பிடம் போனேன்.

"என்னங்க, எல்லாரையும் வண்டியில ஏறச் சொல்லுங்க. போதும்."

"வசந்தா, இன்னா பேசற நீ? பாதியில நிறுத்தறதா? ஜனங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"டிவியில சொல்லிட்டேன்மே!"

"நீங்க சொன்னீங்க. அப்ப நீங்க எறங்கி நடங்க."

அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் திரும்பி வந்து கோச்சிடம், "தாமோதரன், இந்த அணி யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "உங்க பேர்லதாம்மா."

"அப்ப நான் சொல்றேன். எல்லாரும் வேன்ல ஏறுங்க."

மற்றவர்கள் இரண்டாவது தடவை சொல்ல வைக்கவில்லை. மோர் கேன்களைத் தாண்டிக் குதித்து ஏறினார்கள். ஏழுமலை மட்டும் ஏறவில்லை.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஓனர் சொன்னார் என்பதற்காக அவன் நடக்கவில்லை. ஓனரைப் பற்றி அவன் என்ன நினைத்தான் என்பதே எனக்குச் சந்தேகம். மலை சுற்றுவதாகக் காலெடுத்து வைத்துவிட்டான், முடிக்காமல் விட மாட்டான். அவன் வளர்ந்த வீடு அப்படி.

"பாதியில வுடக் கூடாதும்மா. சாமி குத்தமாயிடும். நாளைக்கு நானு எப்டிம்மா களத்துல கால் வெப்பேன்?"

"நடந்தா மட்டும் எப்படி வெப்ப? அந்தக் காலோட?"

"அத அண்ணாமலையாரு பாத்துப்பாரும்மா."

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. வலியா பயமா தெரியவில்லை. எனக்கு வாதாடத் தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"குத்தம் வந்தா என் பேர்ல வரட்டும்பா. கம்பெனி என் பேர்ல, வீடு என் பேர்ல, டீமு என் பேர்ல. இதையும் என் பேர்ல எழுதிக்கச் சொல்லு. ஏறு வண்டியில."

கோச் அவன் தோளைப் பிடித்து ஏற்றினார். வேன் திரும்பியது. ஜீப் மட்டும் மேளத்தோடு கொஞ்ச தூரம் முன்னால் போய்விட்டு, பின்னால் யாருமில்லை என்று தெரிந்ததும் நின்றது.

மீதி வழி

அன்றைக்கே அணி சென்னைக்குப் புறப்பட்டுப் போனது. இவரும் போனார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "நீ வர்றியா இல்லியா?" என்று ஒரே ஒரு கேள்வி. முட்டிவலி என்று சொல்லி, ஊர் திரும்பியபின் நாங்கள் குடியிருக்கும் வேங்கிக்கால் வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

குத்தம் என் பேரில் வரட்டும் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். மறுநாள் மதியம் சோறு இறங்கவில்லை. எனக்குப் பக்தி கம்மி. கோயிலுக்குப் போனால்கூடப் பிரகாரம் கூட்டியிருக்கிறார்களா என்றுதான் பார்ப்பேன். ஆனால் அந்தப் பையன் களத்தில் கால் வைக்கும்போது பாதியில் விட்டது ஞாபகம் வருமே, அந்த ஒரு நொடியில் தடுமாறினால் என்ன செய்வது என்று மனம் அரித்தது. அவன் நம்பிக்கையை எடுத்துக்கொண்டு நான் வெறும் வாய்ச்சொல்லைக் கொடுத்திருந்தேன். அது இவர் டிவியில் வேண்டிக்கொண்டதைவிட எந்த விதத்தில் உசத்தி?

ஆட்டோ பிடித்து எமலிங்கத்தில் இறங்கினேன். செருப்பை ஆட்டோக்காரரிடமே கொடுத்துவிட்டேன். வெயில் சாயத் தொடங்கியிருந்தது, தரை ஆறவில்லை. இருபது வருடம் அமெரிக்கக் கம்பளத்தில் நடந்து பஞ்சாகிப் போன காலை அந்தத் தாரில் வைத்தபோது எங்கள் வீட்டுக்காரருக்கு வாழ்த்து சொன்னேன். அச்சில் போட முடியாத வாழ்த்து.

"ஐயா" என்று மலையைப் பார்த்துச் சொன்னேன். "ஏழுமலை விட்ட இடத்திலிருந்து நடக்கிறேன். அவன் கணக்கில் வைத்துக்கொள்ளும். இது செல்லாது என்றால் இப்போதே சொல்லிவிடும், நான் பஸ்ஸில் போகிறேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓனர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான்.

ஆதி அண்ணாமலை தாண்டியபோது விளக்கு வைத்துவிட்டார்கள். முட்டி நிஜமாகவே வலிக்கத் தொடங்கியிருந்தது, பொய் சொன்னதற்குக் கூலி. குபேரலிங்கத்துக்கு அருகே ஒரு டீக்கடையில் போனில் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டே போகவில்லை. தூண் ஓரமாக நின்று டீ குடித்தபடி காதை மட்டும் கொடுத்தேன். "போறான் பாரு, போறான் பாரு" என்று ஒருவர் கத்தினார். "திரும்பினான் பாரு!" என்று எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு மீதியை நடந்தேன்.

என் அணி ஆடிய ஒரே இறுதிப் போட்டியை நான் பார்க்கவில்லை.

அருள் யாருடையது?

சிங்கங்கள் தோற்றன. ஒரே புள்ளியில். ஆனால் ஏழுமலை ஆடிய ஆட்டத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். இரண்டே நாளில் முகாமுக்குப் பெயர் வந்துவிட்டது. டிவியில் அவனைப் பேச வைத்தார்கள். நான் வெந்நீரில் கல் உப்பைப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு பார்த்தேன்.

"எல்லாம் எங்க ஓனர் ஐயாவாலதாங்க. மேட்சுக்கு மொத நாளு எங்கள கிரிவலம் கூட்டினு போனாரு. அந்த அருளுதான்."

தோற்ற சோகத்தில் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் கிடந்த எங்கள் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு தோசை கேட்டார். அந்தத் துண்டுப் படத்தை அமெரிக்காவில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்பினார். எனக்கு வயிறு எரிந்தது. பாதம் எரிந்ததைவிடக் கூடவே எரிந்தது. அந்தப் பையன் என்ன செய்வான்? மைக்குக்கு முன்னால் ஓனர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். தெரிந்தும் எரிந்தது.

முகாமுக்குப் புறப்படுமுன் ஏழுமலை சொல்லிக்கொண்டு போக வீட்டுக்கு வந்தான். இவர் போட்டோக்காரரைத் தயாராக வைத்திருந்தார். சால்வை, மாலை எல்லாம் முடிந்து, ஆசீர்வாதம் செய்வதற்காகக் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

நான் காபி கொண்டு வந்தேன். மெதுவாக, ஓரக்காலால் நடந்து.

"அம்மாவுக்கு இன்னாச்சு?" என்றான் ஏழுமலை.

"அது ஒண்ணுமில்லப்பா" என்றார் இவர். "புதுச் செருப்பு சேரல போல. கால் முழுக்கக் கொப்புளம். முட்டிவலின்னு மேட்சுக்கும் வரல பாரேன்."

ஏழுமலை என் காலைப் பார்த்தான். பாதம் இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. செருப்புக் கடித்தால் எங்கே புண்ணாகும், தார் சுட்டால் எங்கே புண்ணாகும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"எங்கேர்ந்தும்மா?" என்று கேட்டான்.

"நீ ஏறுன எடத்துலேர்ந்து" என்றேன்.

அவன் கையிலிருந்த மாலையை மேஜைமேல் வைத்தான். ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கி நின்ற எங்கள் வீட்டுக்காரரைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து, தடாலென்று நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தான். போட்டோக்காரருக்கு யாரைப் படம் எடுப்பது என்று புரியவில்லை.

நான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"டேய், கொஞ்சம் தள்ளி விழு" என்றேன். "கொப்புளம் இன்னும் ஆறல."